மூன்றாவது ஆள்: லாஸ் பால்மாஸ் முதல் செயிண்ட் லூசியா வரை

நவம்பர் 19, லாஸ் பால்மாஸ்

கேப்டனுக்கு வயது 74, அவர் மனைவியான அக்காவுக்கு 70. பணி ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு 42 அடி பாய்மரப் படகில் குடியேறியவர்கள். ஸ்பெயினின் கேனரி தீவுகளில் உள்ள லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியன் தீவான செயிண்ட் லூசியாவுக்கு அட்லாண்டிக்கைக் கடக்க என்னையும் அழைத்ததற்குப் பாசம் மட்டும் காரணம் அல்ல. எழுபதை எட்டிய இருவர் தனியாகப் பெருங்கடலைக் கடப்பதாக இருந்தால் காப்பீடு தர முடியாது, மூன்றாவதாக ஒருவர் வேண்டும் என்று அவர்களுடைய காப்பீட்டு நிறுவனம் கடிதம் போட்டுவிட்டது. என் தகுதி இவ்வளவுதான்: ஐம்பதைக் கடந்திருந்தாலும் எழுபதை நெருங்கவில்லை, கரையோரப் பயணங்களில் சுக்கான் பிடித்த பழக்கம் உண்டு. இந்தப் படகில் நான்தான் இளைஞன்.

"ஆள் தேவை எங்களுக்கு அல்ல, அவர்களுக்கு" என்று வந்ததுமே கேப்டன் தெளிவுபடுத்திவிட்டார். அவருக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

படகைச் சுற்றிக் காட்டினார். கயிறு இழுக்கும் வின்ச்சுகளில் இரண்டுக்கு மின்மோட்டார் வைத்திருக்கிறார். முன்பாய் ஒரு கயிற்றை இழுத்தால் தானாகச் சுருண்டுகொள்கிறது. பெரிய பாயைச் சுருக்க இனி மேல்தளத்தில் நடந்து பாய்மரத்தடிக்குப் போக வேண்டியதில்லை, எல்லாக் கயிறுகளும் படகு ஓட்டுபவர் உட்காரும் காக்பிட்டுக்கே வந்துவிட்டன. நங்கூரம் ஏற்றவும் மோட்டார். தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட்டுகள் இரண்டு, ஒன்று பழுதானால் மற்றொன்று. நாற்பது வயதுக்காரன் கையால் செய்யும் வேலை அத்தனையையும் பொத்தானால் செய்யலாம். வயதாவதற்கு ஈடுகட்டுவது என்றால் இதுதான் என்று அன்று நானும் நினைத்தேன்.

நவம்பர் 20, லாஸ் பால்மாஸ்

காலையில் அக்கா ஒரு பயிற்சி வைத்தார். கேப்டன் லைஃப் ஜாக்கெட்டோடு துறைமுகத் தண்ணீரில் இறங்கி மிதக்க வேண்டும், அவரை அக்கா ஒருவராகவே படகுக்குள் தூக்க வேண்டும். நான் எதையும் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

பாயை ஏற்றும் கயிற்றின் நுனியைக் கேப்டனின் மார்புப் பட்டையில் மாட்டி, வின்ச்சின் பொத்தானை அழுத்தினார். 82 கிலோ மனிதர் சொட்டச் சொட்ட மேலே வந்தார். கைதட்டினேன். அக்கா கைதட்டவில்லை. மின்சாரத்தை அணைத்துவிட்டு அவரை மறுபடியும் தண்ணீருக்கு அனுப்பினார். இந்த முறை கைப்பிடியைச் சுற்றித்தான் தூக்க வேண்டும். அக்கா தோள்மூட்டு வலி உள்ளவர். நாலு சுற்று, நிறுத்தம், மூச்சு, நாலு சுற்று. பக்கத்துப் படகுக்காரர் உதவிக்கு ஓடிவந்தார், அவரையும் சைகையால் நிறுத்தினார். கேப்டன் தளத்துக்கு வந்துசேர்ந்தபோது உதடு நீலமாக இருந்தது. அசையாத துறைமுகத்திலேயே இந்தக் கதி.

"இதுதான் என் வயதுச் சான்றிதழ்" என்றார் அக்கா. "டாக்டர் கொடுத்ததை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்."

தம்பதியாகக் கடலோடுகிறவர்களிடம் எல்லோரும் கேப்டனின் உடல்நிலையைத்தான் விசாரிக்கிறார்கள். உண்மையில் கேட்க வேண்டியது, கேப்டன் விழுந்துவிட்டால் மற்றவரால் என்ன முடியும் என்பது.

மாலையில் மருந்துப் பெட்டி. மூன்று மாதத்துக்கான மாத்திரைகள் இரண்டு நீர்புகாப் பெட்டிகளில், பாதி பாதியாக; ஒன்று நனைந்தாலும் மற்றொன்று இருக்கும். எந்த நாட்டு மருந்துக்கடைக்காரருக்கும் புரியும்படி வணிகப் பெயர்களை விட்டுவிட்டு மருந்தின் பொதுப்பெயர்களை எழுதிய பட்டியல். கேப்டனுக்கு ரத்த அழுத்தம், புராஸ்டேட் வீக்கம், ஒழுங்கற்ற இதயத்துடிப்பு. மூன்றாவதற்காக ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, பன்னிரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை. மேற்கே 15 டிகிரி போனால் சூரியன் ஒரு மணிநேரம் பிந்தும் அல்லவா? அதனால் படகுக் கடிகாரம் எப்படி மாறினாலும் மாத்திரைக் கடிகாரம் கிரீன்விச் நேரத்திலேயே ஓடும். அதற்கென்றே தனியாக ஒரு கடிகாரத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார் அக்கா.

நவம்பர் 22, கடலில்

நேற்றுப் புறப்பட்டோம். வாந்தி. வேறு செய்தி இல்லை.

நவம்பர் 24, கடலில்

இன்று உட்கார்ந்து எழுத முடிகிறது. வடகிழக்குக் காற்று 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல். பின்பக்கத்திலிருந்து வரும் அலை படகை இடமும் வலமும் உருட்டிக்கொண்டே இருக்கிறது. என் காதுக்குப் பின்னால், கடல்நோய்க்கான ஸ்கோபொலமின் மருந்துப் பட்டை. வாய் காய்ந்து, எழுத்து மங்கலாகத் தெரிகிறது.

முதியவர்கள் இருவரும் முதல் வேளையிலிருந்தே வயிறார உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்! கடல்நோய் சிறுவர்களைத்தான் அதிகம் பிடிக்கும், வயது ஏற ஏறப் பொதுவாகக் குறையும் என்று அக்கா விளக்கினார். முதுமை தரும் சலுகைகள் சொற்பம், அவற்றில் இது ஒன்று. கேப்டனுக்கு வாந்தி வந்தாலும் என் பட்டையை ஒட்ட முடியாது என்றார். புராஸ்டேட் வீங்கியவருக்கு அது சிறுநீரை அடைத்துவிடலாம், வயதானவர்களுக்கு மனக்குழப்பத்தையும் உண்டாக்கலாம். நடுக்கடலில் மனம் குழம்பிய ஒருவர் கையில் சுக்கான் இருப்பதைவிட வாந்தியே மேல்.

நவம்பர் 27, கேப் வர்டேக்கு வடமேற்கே

தெற்கே 200 கடல் மைலுக்குள் கேப் வர்டே தீவுகளின் மிண்டெலோ துறைமுகம். ஏதாவது சரியில்லை என்றால் திரும்பக் கடைசி வாய்ப்பு இதுதான். இதைத் தாண்டி மேற்கே போய்விட்டால் திரும்பி வருவது எதிர்காற்றில். இரவு உணவின்போது அக்கா ஒவ்வொருவரையும் கேட்டார்: வலி உண்டா, மலம் போகிறதா, கடைசியாக நாலு மணிநேரம் சேர்ந்தாற்போல் தூங்கியது எப்போது? கேப்டன் முதல் இரண்டுக்கும் நல்லபடியாகப் பதில் சொன்னார். மூன்றாவதற்கு, "தூங்கிக்கொண்டுதானே இருக்கிறேன்" என்றார்.

அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மூன்று மணிநேரம் காவல், ஆறு மணிநேரம் ஓய்வு என்பது எங்கள் முறை. நான் படுத்தால் கட்டை போலக் கிடப்பேன். அவருக்கு இந்த வயதில் தூக்கம் லேசாகிவிட்டது, கயிறு முனகினால் விழித்துக்கொள்கிறார். போதாததற்கு ஓய்வு நேரத்தில் இரண்டு முறையாவது சிறுநீர் கழிக்க எழுகிறார். ஒவ்வொரு முறையும் இருட்டில், உருளும் படகில், கைப்பிடி தேடி ஒரு நடை. படகோரத்தில் நின்று கழிப்பது இந்தப் படகில் ஆண்களுக்குத் தடை. அப்படி நின்றபடியே கடலில் விழுந்தவர்கள் உண்டு. கழிப்பறையில் உட்கார்ந்துதான். அக்காவின் சட்டம்.

மேற்கே திருப்பினோம்.

நவம்பர் 30, கடலில்

வெயில் ஏறிவிட்டது. தளத்தில் காலையில் ஒரு பறக்கும் மீன் செத்துக் கிடந்தது. தண்ணீர்க் குடுவைகளில் அக்கா மார்க்கரால் கோடு போட்டு, கோட்டுக்கு எதிரே மணி எழுதிவைத்திருக்கிறார். பத்து மணிக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருக்காவிட்டால் விசாரணை நடக்கும். வயதானால் உடம்புக்குத் தண்ணீர் தேவைப்படும்போதும் தாகம் சரியாக எடுப்பதில்லை. ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர் வெயிலில் நாளெல்லாம் காய்ந்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். இரவில் எழ வேண்டியிருக்குமே என்று கேப்டன் மாலையில் தண்ணீரைக் குறைக்கப் பார்க்கிறார். குடித்தால் எழ வேண்டும், எழுந்தால் விழலாம். குடிக்காவிட்டால் தலைசுற்றி விழலாம். இந்தக் கணக்கில் அவர்கள் இருவரும் தினமும் சண்டை போடுகிறார்கள்.

டப்பா உணவுகளில் உப்பு அதிகம் என்பதால் பீன்ஸைக் கழுவி வடிகட்டித்தான் சமைக்கிறார். ருசி என்று ஒன்றும் இல்லை. நான் குறை சொல்லவில்லை.

கேப்டனின் உற்சாகப் பேச்சு சாப்பாட்டு நேரத்தில்தான் களைகட்டும். ஜப்பானியரான கெனிச்சி ஹோரியே 1962-இல் தன் 23 வயதில் பசிபிக்கைத் தனியாகக் கடந்தவர்; 2022-இல் 83 வயதில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஜப்பானுக்குத் தனியாகவே, எங்கும் நிற்காமல் மறுபடியும் கடந்தார். ஜீன் சாக்ரட்டீஸ் என்ற பிரிட்டிஷ் பெண்மணி 2019-இல் 77 வயதில் தனியாக உலகைச் சுற்றி முடித்தார். ஆஸ்திரேலியரான பில் ஹாட்ஃபீல்ட் 2020-இல் 81 வயதில்.

"ஜீன் சாக்ரட்டீஸ் அதற்கு முன்னால் எங்கே விழுந்தார் என்பதையும் சொல்லுங்கள்" என்றார் அக்கா.

கேப்டன் பீன்ஸில் கவனமானார். அக்காவே சொன்னார். பயணத்துக்குப் படகைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, 2017-இல், படகுத் தளத்திலிருந்து தரையில் விழுந்து கழுத்து முள்ளெலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. புறப்பாடு ஒரு வருடம் தள்ளிப்போனது. "அது கரையில் நடந்ததால் ஒரு வருடத்தோடு போயிற்று."

டிசம்பர் 1, கடலில்

இரவுக் காவலில் ஒரு விஷயம் கவனித்தேன். தொலைவில் வரும் கப்பலின் விளக்கை முதலில் பார்ப்பது எப்போதும் அக்காதான். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நட்சத்திரங்கள் புள்ளிகளாகத் தெரிகின்றன, அதற்கு முன்பு பஞ்சுப்பொதிகளாகத்தான் இருந்தன என்கிறார். கேப்டனுக்குப் புரை தொடங்கியிருக்கிறது; விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது, அது கப்பலின் இடப்பக்கச் சிவப்பா வலப்பக்கப் பச்சையா என்று சட்டென்று சொல்ல முடிவதில்லை. கீழே வெளிச்சத்தில் இருந்துவிட்டு மேலே வந்தால், எனக்கு இருட்டு பழகிய பிறகும் அவர் இன்னும் தடவிக்கொண்டிருப்பார். வயதானால் கண்பாப்பா முன்போல் விரிவதில்லை, இருட்டுக்குப் பழகவும் நேரம் பிடிக்கிறது. மோட்டார் வின்ச் வாங்கியவர் கண்ணை ஏன் தள்ளிப்போட்டார்? கேட்கவில்லை. பணம் கொடுத்தால் தசை கிடைக்கிறது என்பதால் மற்றதெல்லாம் காத்திருக்கும் என்று தோன்றிவிடுகிறது போலும்.

டிசம்பர் 3, ஏறக்குறைய 38 டிகிரி மேற்குத் தீர்க்கரேகை

இரவு இரண்டு மணி. என் காவல். மழைமேகம் ஒன்று பின்னால் வந்து காற்று 30 நாட்டைத் தொட்டது. பொத்தானை அழுத்திப் பாயைச் சுருக்கி முடித்துவிட்டேன். அந்த நேரத்தில் கீழே ஒரு சத்தம். பாத்திரம் விழும் சத்தம் இல்லை.

கேப்டன் கழிப்பறையிலிருந்து திரும்பும் வழியில், கை ஒரு பிடியை விட்டு அடுத்த பிடியைத் தொடுவதற்குள் படகு உருண்டிருக்கிறது. மேசை விளிம்பில் தலை. இடது காதுக்குப் பின்னால் ஒரு விரல் அகல வெட்டு. ரத்தம் உறையாமல் இருக்கவே மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தம் எப்படி ஓடும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். தலையணை உறை, துண்டு, அக்காவின் சட்டை என்று எல்லாம் நனைந்தன. அக்கா கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த மாத்திரைக் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடம் விரலை எடுக்கவில்லை. படகு உருண்டபோதெல்லாம் முழங்காலை மேசைக்காலில் முட்டுக்கொடுத்துக்கொண்டார்.

செயற்கைக்கோள் தொலைபேசியில் டாக்டர் கிடைத்தார். கடலில் இருப்பவர்களுக்கு மருத்துவ ஆலோசனை சொல்லும் ஏற்பாடு பழையது. ரோமில் உள்ள சர்வதேச வானொலி மருத்துவ மையம் 1935 முதல் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாகச் சொல்லிவருகிறது. எங்களுக்குக் கிடைத்தது அக்கா முன்கூட்டியே பதிவு செய்திருந்த வேறொரு சேவை. என்ன மாத்திரை, கடைசியாக எப்போது, நினைவு தப்பியதா, வாந்தி உண்டா, இரண்டு கண்பாப்பாவும் ஒரே அளவா? அக்காவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. மணிக்கு ஒருமுறை எழுப்பச் சொன்னார் டாக்டர்: பெயர், தேதி, சிரிப்பு, இரண்டு கைகளாலும் விரலை இறுக்குதல். தலைக்குள் கசிவு இருந்தால் அது உடனே தெரியாமல் பல மணிநேரம் கழித்தும் தெரியலாம். அடுத்த வேளை மாத்திரையைத் தான் சொல்லும்வரை நிறுத்திவைக்கச் சொன்னார். நிறுத்தினால் பக்கவாத ஆபத்து, கொடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து. அந்த முடிவு எங்கள் தலையில் விழாமல் இருந்ததற்கு அந்தக் குரலுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

நிலைமை மோசமானால்? இங்கே ஹெலிகாப்டர் வராது. கரையிலிருந்து சில நூறு கடல் மைல்தான் அதன் எல்லை. அருகில் போகும் சரக்குக் கப்பலைத் திருப்பி அழைக்கலாம். அது வந்தால், மூன்று மீட்டர் அலையில் இந்த மனிதர் அதன் உயரமான பக்கச்சுவரில் கயிற்றேணியில் ஏற வேண்டும். நல்ல உடம்போடு இருப்பவருக்கே அது பயங்கரம்.

டிசம்பர் 5, கடலில்

கேப்டன் நலம். தேதி கேட்டால் எரிந்து விழுகிறார், அதுவே நல்ல அறிகுறி என்றார் டாக்டர். மாத்திரையை மறுபடியும் தொடங்கியாயிற்று. விலாவில் நீலம் பாரித்திருக்கிறது, இருமினால் முகம் சுளிக்கிறார். வழக்கமான வலிமாத்திரை வேண்டாம், பாராசிட்டமால் மட்டும் என்பது உத்தரவு. மற்றவை ரத்தக்கசிவைக் கூட்டும், ரத்த அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அவர் படுத்துவிட்டதால் காவல் எங்கள் இருவருக்கும். மூன்று மணிநேரம் விழிப்பு, மூன்று மணிநேரம் படுக்கை. அதிலும் அக்காவுக்கு மணிக்கு ஒருமுறை எழுப்பும் வேலை. நேற்று விடியற்காலையில் காக்பிட்டில் யாரோ என் பின்னால் நின்று பேசுவது தெளிவாகக் கேட்டது. யாரும் இல்லை. தூக்கமின்மை இப்படியெல்லாம் செய்யும் என்று அக்கா சாதாரணமாகச் சொல்லிவிட்டு இஞ்சி பிஸ்கட்டை நீட்டினார். அவர் என்னைவிடக் குறைவாகத்தான் தூங்கியிருக்கிறார். அவர் எப்படி நிற்கிறார் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

படுத்தபடியே கேப்டன் இன்னொரு வீரகதை சொன்னார். 1998-இல் உலகைச் சுற்றும் தனிநபர் போட்டியில் விக்டர் யாசிகோவ் என்ற ரஷ்யர் தென் அட்லாண்டிக்கில், அமெரிக்க டாக்டர் ஒருவர் மின்னஞ்சலில் சொன்னபடி, தன் முழங்கைச் சீழ்க்கட்டியைத் தானே கீறிக்கொண்டார்.

"அவர் வலிக்காக ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தார், அதனால் ரத்தம் நிற்கவில்லை என்ற பகுதியையும் சொல்லுங்கள்" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

டிசம்பர் 9, கடலில்

மதியம் எங்களைக் கடந்த எண்ணெய்க் கப்பலின் அதிகாரி வானொலியில் அழைத்தார். தான் வலப்பக்கம் விலகிப் போவதாகச் சொல்லிவிட்டு, படகில் எத்தனை பேர், எல்லோரும் நலமா என்று கேட்டார். மூன்று பேர், ஒருவருக்குச் சிறு காயம், தேறிவருகிறார் என்றார் அக்கா. மருந்து ஏதாவது வேண்டுமா என்றார் அவர். வேண்டாம், காற்று நிலவரம் மட்டும் போதும் என்றதும் மூன்று நாள் முன்னறிவிப்பை வரி வரியாக, நாங்கள் எழுதிக்கொள்ளும் வேகத்தில் வாசித்தார். முகம் தெரியாத மனிதர். அவர் போன பிறகு அக்கா கொஞ்ச நேரம் அழுதார். நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 13, ரோட்னி பே, செயிண்ட் லூசியா

வந்துசேர்ந்தோம். பக்கத்துப் படகுக்காரர்கள் கேட்காமலே வந்து கயிறு வாங்கிக் கட்டினார்கள். கரையில் கால் வைத்ததும் தரை உருண்டது. குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டை வாங்குவதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டார். கேப்டனுக்கு முகம் சிவந்துவிட்டது, நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். அந்த நாற்காலி எனக்காகப் போடப்பட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

டிசம்பர் 15, ரோட்னி பே

தலை ஸ்கேனில் கசிவு எதுவும் இல்லை. விலா எலும்பு ஒன்றில் மட்டும் விரிசல். காத்திருந்த நேரத்திலேயே அக்கா கண் மருத்துவரிடமும் கேப்டனின் பெயரைப் பதிந்துவிட்டார்.

அப்புறம் பேச்சுவார்த்தை. இனிப் பெருங்கடல் வேண்டாம், தீவுக்குத் தீவு பகலில் மட்டும் போவோம், ஜூனில் புயல் காலம் தொடங்குவதற்குள் படகைக் கரையேற்றுவோம் என்பது அக்காவின் கட்சி. கண்ணைச் சரிசெய்து, படுக்கையிலிருந்து கழிப்பறைவரை இடைவெளியில்லாமல் ஒரே கைப்பிடியாகப் போட்டுவிட்டால் பசிபிக்கையும் பார்த்துவிடலாம் என்பது கேப்டனின் கட்சி. கையில் அளவுநாடாவோடுதான் பேசினார். என்னைக் கேட்டால் அவர் சொன்ன கைப்பிடியும் அவசியம், அக்கா சொன்ன பகல் பயணமும் அவசியம். இருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டது வேறு: பனாமாவுக்குப் போவதென்றால் மூன்றாவது ஆளாக வருவீர்களா?

நான்காவதாக ஒருவர் இருந்தால் வருகிறேன் என்றேன். கேப்டன் அளவெடுப்பதை நிறுத்திவிட்டு முறைத்தார். அக்கா தொலைபேசியை எடுத்து, நாற்பது வயதுக்குக் கீழே நமக்கு யார் யாரைத் தெரியும் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்.